மின்னூற் களஞ்சியங்களின் காப்பும் மீட்பும்

முன்னுரை

டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் வளையாபதியின் ஏட்டுச் சுவடியைக் கண்டதுண்டு. அக்காலத்தில் பழைய நூல்களில் அவருக்கு நாட்டம் பிறக்கவில்லை. பின்னர் நாட்டம் பிறந்து தேடியபோது அச்சுவடி அங்கே கிடைக்கவில்லை. இச்செய்தியை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இன்று வளையாபதி என நாம் ஓதுவன யாவை? உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டனவும் புறத்திரட்டுப் போன்ற தொகைநூல்களிற் புகுந்தனவுமாகிய சில செய்யுட்களே அவை. முழு நூல் தங்கியிருந்த சுவடி மறைந்தது. பிறர் பெயர்த்தெழுதிய பகுதிகள் பிழைத்தன. நூல்களின் வாழ்வு குறித்து இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை மின்னூல்களுக்கும் பொருந்துவதாகும்.

இன்று சங்கச் செய்யுள் ஒன்றில் வரும் சொல்லைத் தேடும் மாணவர் பெரும்பாலும் கணிப்பொறியையே நாடுகின்றனர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்க 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியன தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தவை. இவையன்றி, ஊர் வரலாறு, நாட்டார் வழக்கு, வட்டாரச் சொல் முதலியவற்றைத் தொகுக்கும் சிறு களஞ்சியங்கள் பல, நண்பர் சிலர் தம் கைப்பொருளிட்டு நடத்துவனவாக உள்ளன. இத்தகைய களஞ்சியத்தைத் தாங்கும் பொறி பழுதுற்றால் யாது நிகழும், எம்முறையில் மீட்பது, முன்னரே செய்துகொள்ள வேண்டுவன யாவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் நுட்பம் முழுவதும் ஈண்டுக் கூறப்புகவில்லை. சுவடிகளையும் பதிப்புகளையும் பயில்வோர் அறிந்திருக்க வேண்டிய அளவே கூறப்படும்.

வழங்கியும் அதன் பழுதும்

வழங்கி அல்லது சர்வர் என்பது எந்நேரமும் இயங்கி, கேட்போர்க்குக் கேட்ட ஏட்டை எடுத்துத் தரும் ஒரு கணிப்பொறி. களஞ்சியம் ஒன்றில் மூன்று கூறுகள் உண்டு. நூற்கோப்புகளும் படங்களும் முதற்கூறு. எவர், எந்நாளில், எதனைத் திருத்தினார் என்னும் குறிப்புகளைக் கொண்ட தரவுத்தளம் இரண்டாவது. இவற்றை இயக்கும் மென்பொருளும் அதன் அமைப்புக் குறிப்புகளும் மூன்றாவது. நூற்கோப்புகளை மட்டும் காத்துத் தரவுத்தளத்தை விட்டுவிட்டால், நூல் கிடைக்கும். அதன் திருத்த வரலாறு கிடைக்காது. பாடவேறுபாட்டின் அருமை அறிந்தோர்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும்.

பழுதுகளை நான்கு வகையாகப் பகுக்கலாம். வட்டு தேய்ந்து நிற்றல் பொருட்பழுது. நடத்துவோர் தவறுதலாக அழித்துவிடுதல் கைப்பிழை. தீ, வெள்ளம், மின்தடை, இணைப்பு அறுதல் முதலியன இடப்பழுது. அயலார் புகுந்து சிதைத்தல் தாக்குதல். இந்நான்கிற்கும் மருந்து ஒன்றன்று. ஒரு வகைக்குச் செய்த காப்பு மற்றொரு வகைக்குப் பயன்படாமற் போதலே பல களஞ்சியங்களின் இழப்புக்குக் காரணம்.

எடுத்துக்காட்டாக, ஒரே செய்தியை இரு வட்டுகளில் ஒருங்கே எழுதிவைக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. ஒரு வட்டு நின்றால் மற்றது தாங்கும். ஆகலின் பொருட்பழுதுக்கு அது நன்மருந்து. ஆனால் ஒருவர் கைதவறி ஒரு நூலை அழித்தால், அவ்வழிப்பும் அதே நொடியில் இரு வட்டுகளிலும் நிகழும். எனவே இதனை இணைவட்டு எனலாமேயன்றிக் காப்புப்படி எனல் பொருந்தாது. காப்புப்படி என்பது மூலத்தில் நிகழும் மாற்றம் தன்னைத் தொடாதவாறு விலகி நிற்பது.

விலகி நிற்றல் காலத்தாலும் இடத்தாலும் வேண்டும். பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்னும் நிறுவனத்தின் வழங்கி நிலையத்தில் 2021 மார்ச் 10 அன்று தீப்பற்றியது. கட்டடம் ஒன்று முற்றும் அழிந்தது. அடுத்ததன் ஒரு பகுதியும் சேதமுற்றது. காப்புப்படியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் சிலர் மூலத்தையும் படியையும் ஒருங்கே இழந்தனர். மூன்று படிகள், இருவகைப் பொருள்கள், அவற்றுள் ஒன்றேனும் வேற்றிடம் என்று இத்துறையினர் வகுத்துள்ள விதியின் காரணம் இதனாற் புலனாகும்.

படிகளின் கால இடைவெளி

படியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்பது, எவ்வளவு உழைப்பை இழக்க உடன்படுகிறோம் என்னும் வினாவின் மறுவடிவமே. மெய்ப்புப் பார்ப்போர் 10 பேர் நாளொன்றுக்கு 5 பக்கம் வீதம் திருத்துவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 50 பக்கம் திருந்தும். வாரத்துக்கு ஒருமுறை படி எடுத்தால், பழுது நேரும்போது 350 பக்கம் வரை இழக்க நேரும். ஊதியமின்றி உழைத்தவரிடம் மீண்டும் அப்பக்கங்களைத் திருத்துக எனக் கேட்பது எளிதன்று. பலர் கேட்ட பின்னரும் வாரார். களஞ்சியம் வழங்கியால் அழிவதினும் இவ்வாறு மனம் தளர்ந்தோர் நீங்குவதால் அழிவது மிகுதி எனலாம்.

அன்றன்று எடுத்த படியை முன்னாட் படியின்மேல் எழுதிக்கொண்டே வருவதும் தவறு. ஒரு நூலின் பாதி அழிந்திருப்பதை ஒரு திங்கள் கழித்தே ஒருவர் காணலாம். அதற்குள் நல்ல படி யாவும் குறைப்படியால் மறைந்திருக்கும். ஆதலின் நாட்படி 7, வாரப்படி 4, திங்கட்படி 12 என 23 படிகளை வைத்துப் பழையனவற்றை முறையே கழித்துவருதல் நல்ல வழக்கமாகும். ஒரு நூலின் வெவ்வேறு காலச் சுவடிகள் கிடைப்பது பதிப்பாசிரியர்க்கு எத்துணை உதவியோ, அத்துணை உதவி இது.

மீட்டுப் பாராத படி

படி இருக்கிறது என்னும் எண்ணம் வேறு. படி இருத்தல் வேறு. கிட்லேப் என்னும் தளத்தில் 2017 சனவரி 31 அன்று, இரவில் நெடுநேரம் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், துணை வழங்கி என்று கருதி முதன்மை வழங்கியின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அந்நிறுவனத்தில் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஆயின் உற்ற நேரத்தில் ஒன்றும் நம்பியவாறு உதவவில்லை. நாள்தோறும் எடுக்கப்படுவதாகக் கருதிய படி, மென்பொருட் பதிப்புகளின் முரணால் எடுக்கப்படவேயில்லை. அது தவறிற்று என்று அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த படியொன்றே தளத்தைக் காத்தது. கூலிக்கு உழைக்கும் வல்லுநர் பலரைக் கொண்ட நிறுவனத்தின் நிலை இதுவாயின், ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

2010 மார்ச் 24 அன்று விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்ததும் ஒத்த நிகழ்ச்சியே. ஐரோப்பிய வழங்கி நிலையத்தில் வெப்பம் மிக, பொறிகள் தாமே நின்றன. அமெரிக்க நிலையத்துக்குப் படிப்போரைத் திருப்பிவிட முயன்றபோது, அவ்வாறு திருப்பும் ஏற்பாடு பழுதுற்றிருந்தமை அப்போதுதான் தெரிந்தது. ஐரோப்பாவில் மட்டும் நின்றிருக்க வேண்டியது உலகெங்கும் நின்றது. பிற்காலத்தில், 2016 முதல், ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குத் தளத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கும் பயிற்சியை விக்கிமீடியா நடத்தத் தொடங்கியது.

இவ்விரண்டு நிகழ்ச்சியாலும் பெறப்படுவது ஒன்றே: மீட்டுப் பாராத படி, படி எனப்படாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு கணிப்பொறியில் களஞ்சியம் முழுவதையும் படியிலிருந்து எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வேலையைப் படி எடுத்தவர் செய்யாது, எழுதிவைத்த குறிப்பை மட்டும் கொண்டு பிறிதொருவர் செய்தல் சிறந்தது. அப்போது படியின் குறையோடு குறிப்பின் குறையும் வெளிப்படும்.

மீட்கும் முறை

பழுது நேர்ந்த பின் செய்யவேண்டுவன வரிசையுடையன. முதலாவது, எழுதுதலை நிறுத்துதல். பழுதுற்ற வட்டில் மேலும் எழுதப்படும் ஒவ்வொன்றும், மீட்கக்கூடியதாய் எஞ்சியிருப்பதை மறைத்துவிடக்கூடும். இரண்டாவது, எஞ்சியதை அவ்வாறே முழுமையாகப் படியெடுத்தல். மூன்றாவது, செப்பம் செய்தலை அப்படியில் நிகழ்த்துதல், மூலத்தைத் தொடலாகாது. நொறுங்கும் ஏட்டைப் பிரித்து ஒட்டத் தொடங்குமுன், உள்ளது உள்ளவாறு பெயர்த்தெழுதிக்கொள்ளும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். ஆர்வத்தால் விரைந்து செப்பம் செய்யப்புக்கு, எஞ்சியதையும் இழந்தோர் உளர்.

நான்காவது, முதலில் படிப்போர்க்கும் பின்னர் எழுதுவோர்க்கும் கதவைத் திறத்தல். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004-இல் தொடங்கி உலகத் தன்னார்வலர் வரைந்துவரும் நிலப்படம். 2024 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள அதன் வழங்கிகளுக்கு இணைய இணைப்பு அறுந்தது. டப்ளின் நகரிலிருந்த படியைக் கொண்டு, திருத்த இயலாது பார்க்க மட்டும் இயலுமாறு தளம் நடத்தப்பட்டது. வேறு இணைப்பு அமைந்த பின்னரே திருத்தம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்கு உள்ளானபோதும், பழைய வலைப்பக்கங்களைக் காட்டும் பகுதி முதலில் படிப்பதற்கு மட்டுமே திறக்கப்பெற்றது. இரு இடங்களில் ஒரே வேளையில் திருத்தம் நிகழுமாயின், இரு வேறு வழிகளில் நூல் பிரிந்துபோகும். பின்னர் அவற்றை ஒன்றாக்குதல், மூலச்சுவடி கிடைக்காத நூலின் பாடத்தைத் துணிவதுபோல் அரிய வேலையாகும். இதனைத் தவிர்த்தற்கே இவ்வரிசை.

எழுத்து மாறுபாடு

தமிழ்க் களஞ்சியங்களுக்கெனத் தனியே ஓர் இடர் உண்டு. மீட்ட பக்கத்தைத் திறந்தால், தமிழெழுத்து இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் நிற்பதைப் பலர் கண்டிருப்பர். இதன் காரணம் அறியத்தக்கது. ஒருங்குறி முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும், பெருவழக்கான சேமிப்பு முறைப்படி, மூன்று எண்களாகப் பதிவாகிறது. மீட்கும் மென்பொருள் அவற்றை மேலை ஐரோப்பிய எழுத்துகள் எனத் தவறாகக் கொண்டால், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று ஐரோப்பியக் குறிகள் தோன்றும். இது தோற்றப்பிழையே, எண்கள் அழியவில்லை. சரியான முறையைச் சுட்டினால் தமிழ் மீளும்.

ஆனால் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் வினாக்குறிகளே நின்றால் நிலைமை வேறு. தனக்குத் தெரியாத குறியை மென்பொருள் வினாக்குறியாக மாற்றி எழுதிவிட்டது என்பது அதன் பொருள். அது சேமிக்கவும் பெற்றிருந்தால் மூலம் அழிந்தது. வேறு படியிருந்தாலன்றி மீட்சி இல்லை. ஆகலின் மீட்பின்போது ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றிப் பார்த்துத் தமிழ் சரியாக வருகிறதா எனக் கண்ட பின்னரே எஞ்சியவற்றை மாற்றுதல் வேண்டும். திஸ்கி முதலிய பழைய குறிமுறைகளில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியோரும் பழைய கோப்பைக் கழித்துவிடாமல் வைத்திருத்தல் நன்று. மாற்றத்திற் பிழை நேர்ந்திருப்பின் அதுவே ஆதாரமாக நிற்கும்.

சரிபார்த்தல்

மீட்ட நூல் முழுமையானதா என்பதை எவ்வாறு அறிவது? புராணங்களின் படல இறுதியில் செய்யுட்டொகை குறிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். தொகை குறைந்தால் ஏடு விடுபட்டது தெரியும். கணிப்பொறியில் இதனினும் நுட்பமான ஏற்பாடு உண்டு. கோப்பிலுள்ள எண்கள் அனைத்தையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, குறுகிய அடையாளக் குறியொன்றைப் பெறலாம். பெருவழக்கில் உள்ள ஒரு முறையில் இக்குறி 64 எழுத்துடையது. நூல் முழுவதிலும் ஒரு புள்ளி நீங்கினும் குறி முற்றும் மாறிவிடும். ஒவ்வொரு நூலுக்கும் இக்குறியைப் பட்டியலிட்டுத் தனியே வைத்திருந்தால், மீட்டவற்றுள் சிதைந்தது எது என்பதைச் சிறுபொழுதிற் காணலாம்.

ஈண்டு ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். ஒருங்குறியில் 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணக்குக்கு வேறு. ஆகவே குறி மாறிய மாத்திரத்தில் நூல் சிதைந்தது எனத் துணிதல் கூடாது. முதலில் இரு கோப்புகளையும் ஒரே எழுத்துமுறைக்குக் கொணர்ந்து, பின்னர் ஒப்பிடுதல் முறை. எழுத்தின் இயல்பை அறிந்த தமிழாசிரியர் பொறியாளரோடு உடனிருந்து உதவவேண்டிய இடம் இது.

திறவுகோல் எவரிடம் உள்ளது

இதுவரை கூறிய யாவும் செய்தும் ஒரு களஞ்சியம் மறையலாம். தன்னார்வ அமைப்புகளில் கடவுச்சொற்கள் பெரும்பாலும் தொடங்கியவர் ஒருவரிடமே இருக்கும். அவர் நோயுற்றாலோ மறைந்தாலோ பணிமிகுதியால் விலகினாலோ, பொறி பழுதின்றி இயங்கும்போதே களஞ்சியம் ஆளற்றதாகும். தளப்பெயர் என்பது விலைக்கு வாங்கி நிலையாக வைத்துக்கொள்ளும் பொருளன்று. ஆண்டுக் கணக்கில் பதிந்து புதுப்பித்துக்கொள்ளும் உரிமை. புதுப்பிக்குமாறு வரும் அறிவிப்பு, எவரும் பாராத மின்னஞ்சலுக்குச் சென்றால் பெயர் கைமாறும். அம்மின்னஞ்சலும் அதே தளப்பெயரில், அதே வழங்கியில் அமைந்திருந்தால் இடர் இரட்டிக்கும்: வழங்கி நின்றபோது அறிவிப்பும் நிற்கும்.

ஆதலின் திறவுகோல் மூவரிடமேனும் இருத்தல் வேண்டும். அவர் ஓரிடத்தில் வாழாதவராயின் மிக நன்று. மீட்கும் முறையை எழுதி, அவ்வழங்கிக்கு வெளியே, அச்சிட்ட தாளிலும் வைத்தல் வேண்டும். பழுது நேர்ந்தபோது ஒருவர் பொறியைக் கவனிக்க, மற்றொருவர் படிப்போர்க்கு நிலைமையை அறிவித்தல் வேண்டும். என்ன பழுது, எது மீளும், எது மீளாது என்பதை மறையாது கூறுதலே நம்பிக்கையைக் காக்கும். முற்கூறிய கிட்லேப் நிறுவனத்தார் தம் தவற்றை ஒளிக்காது, மீட்புப் பணியைப் பலரும் காணுமாறு நடத்தினர். பின்னர் காரணங்களை விரிவாக எழுதி வெளியிட்டனர். பிழை செய்த ஒருவரைப் பழிக்காது, பிழைக்கு இடந்தந்த ஏற்பாட்டைத் திருத்துதல் தன்னார்வலர் கூட்டத்திற்கு இன்றியமையாதது. பழிக்கப்பட்டவர் நீங்குவார், அவரறிந்த நுணுக்கமும் உடன் நீங்கும்.

படிகள் பலவாதல்

இறுதியாக, களஞ்சியம் தானே காக்க இயலாததைப் பிறர் காக்குமாறு இடந்தருதல் வேண்டும். விக்கிமீடியா தன் தளங்களின் உள்ளடக்கத்தை மொத்தமாக எவரும் இறக்கிக்கொள்ளுமாறு காலந்தோறும் வெளியிடுகிறது. தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்களையும், உரிமைக்காலம் கழிந்த பழைய நூல்களையும் இவ்வாறு பரப்புவதற்குத் தடையில்லை. உரிமையுள்ள நூல்களுக்கு ஆசிரியரின் இசைவு பெறுதல் வேண்டும். பங்காற்றுவோரின் முகவரி, கடவுச்சொல் முதலிய தனிச்செய்திகள் பொதுப்படியில் இடம்பெறலாகாது. அவற்றைப் பிரித்து மறையாக வைத்தல் கடமை.

1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்தில் படியிருந்தவை பின்னர்த் தேடிப் பெறக்கூடியனவாயின. ஒரே படியாக இருந்த ஏடுகள் மீளவில்லை. இன்று ஒரு நூலைப் படியெடுக்க எழுத்தாணியும் வேண்டா, பல திங்கள் உழைப்பும் வேண்டா. அவ்வெளிமையே நம்மை மெத்தனமாக்குகிறது. எல்லாரும் எளிதிற் காணும் நூலைத் தம்பால் ஒரு படி வைத்திருக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. அதனால், பல்லாயிரவர் பயிலும் நூல் ஒரே வழங்கியில் ஒரே படியாகத் தங்கியிருத்தல் கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரு களஞ்சியத்தின் நிலைபேறு அதனைத் தாங்கும் பொறியின் வன்மையில் இல்லை என்பதும், விலகி நிற்கும் படிகளிலும், மீட்டுப் பார்க்கும் பயிற்சியிலும், பலர் கையிலுள்ள திறவுகோலிலும் உள்ளது என்பதும் பெறப்படும். தமிழ்த் துறைகளும் இதிற் பங்கேற்கலாம். ஒவ்வொரு துறையும் தான் நாள்தோறும் பயன்படுத்தும் தன்னார்வக் களஞ்சியம் ஒன்றைத் தேர்ந்து, அதனை நடத்துவோரின் இசைவோடு ஒரு படியைத் தன்பால் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாணவரைக் கொண்டு எழுப்பிப் பார்க்கலாம். கிடைத்த பாடத்தை அச்சு நூலோடு ஒப்பிட்டுக் கண்ட பிழைகளைக் களஞ்சியத்தார்க்கு அறிவிக்கலாம். மாணவர்க்கு அது பாடவாராய்ச்சியிற் பயிற்சி. களஞ்சியத்துக்கு அது காப்பு. திருவாவடுதுறையில் அன்று ஒருவர் அச்சுவடியைப் பெயர்த்தெழுதியிருந்தால் வளையாபதியை நாம் முழுமையாகப் பயின்றிருக்கக்கூடும்.